நாய்க்குப் போட்ட சொட்டு மருந்து பூனையை ஏன் சாய்க்கிறது?

மழை ஓய்ந்து வெயில் தலைகாட்டியதும் வடசென்னையில் உண்ணியும் தெள்ளுப்பூச்சியும் சேர்ந்தே கிளம்பும். காசிமேட்டில் வலை காயப்போடும் இடத்திலிருந்து வியாசர்பாடி ஹவுசிங் போர்டு மாடிப்படி வரை பூனை இல்லாத இடம் கிடையாது. அதில் பாதி, வீட்டுப் பூனையும் இல்லை தெருப் பூனையும் இல்லை, மூன்று வீட்டில் சாப்பிட்டுவிட்டு நாலாவது வீட்டில் தூங்குகிற ரகம். அது சொறிந்து சொறிந்து முடி கொட்ட ஆரம்பித்ததும் யாராவது ஒருவர் மனசு கேட்காமல் கையில் கிடைத்த மருந்தைப் போட்டுவிடுகிறார். அன்று ராத்திரியோ மறுநாள் காலையோ பூனை உதறுகிறது, எச்சில் ஒழுகுகிறது, நிற்க முடியாமல் சரிகிறது. அப்புறம் வருகிற கேள்விகள் எப்போதும் ஒரே மாதிரிதான்: மருந்து காலாவதி ஆகிவிட்டதா? போலி மருந்தா? நாய்க்குப் போட்டபோது ஒன்றும் ஆகவில்லையே?

பெரும்பாலும் அது நல்ல மருந்துதான், தேதியும் சரியாகத்தான் இருக்கும், நாய்க்கு ஒத்துக்கொண்டதும் உண்மைதான். கோளாறு இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று பூனையின் கல்லீரல். இன்னொன்று, யாரும் போட்டுப் பார்க்காத ஒரு சின்னப் பெருக்கல் வகுத்தல் கணக்கு.

## முதலில் அடிப்படை

ஒட்டுண்ணி என்றால் இன்னொரு உயிரின் மேலோ உள்ளேயோ ஒட்டிக்கொண்டு அதைத் தின்று வாழ்வது. தோலுக்கு வெளியே இருப்பவை உண்ணி, தெள்ளுப்பூச்சி, பேன், சொறியை உண்டாக்கும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி. உள்ளே இருப்பவை குடற்புழுக்கள். இவற்றைக் கொல்லும் மருந்துகள் பெரும்பாலானவை நரம்பைத் தாக்குபவை, அதாவது பூச்சியின் நரம்பை முடக்கிக் கொல்கின்றன. பூச்சிக்கும் நரம்பு உண்டு, பூனைக்கும் நரம்பு உண்டு. பூச்சி செத்து பூனை பிழைப்பதற்குக் காரணங்கள் மூன்று:

1. பூச்சியின் நரம்பு அந்த மருந்துக்குப் பல மடங்கு எளிதில் மசியும்.
2. பெரிய விலங்கின் கல்லீரல் மருந்தை உடைத்து சிறுநீர் வழியே வெளியேற்றிவிடும்.
3. மருந்து மூளைக்குள் நுழையாமல் ஒரு தடுப்பு இருக்கிறது.

எந்த ஒட்டுண்ணி மருந்து நஞ்சானாலும், இந்த மூன்றில் ஏதோ ஒன்று கைவிட்டிருக்கிறது அல்லது தாங்கமுடியாத அளவு மருந்து உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம்.

இன்னும் இரண்டு சொற்கள் தெரிந்தால் மேலே போகலாம். 'செறிவு' என்பது ஒரு மி.லி. திரவத்தில் எத்தனை மி.கி. மருந்து இருக்கிறது என்பது. 1 சதவீதம் என்று போட்டிருந்தால் மி.லி.க்கு 10 மி.கி. 'அளவு' என்பது உடல் எடையில் ஒரு கிலோவுக்கு எத்தனை மி.கி. போகிறது என்பது. சொட்டு எண்ணுகிறவர்கள் இந்த இரண்டையும் பார்ப்பதில்லை. இரண்டு சொட்டுதானே என்ற பேச்சுக்குச் செறிவு தெரியாமல் ஒரு பொருளும் இல்லை.

## பெர்மெத்ரின்: ஒரே ஆள், பல வேஷம்

பூனைகளை அதிகம் சாய்க்கிற பெயர் இதுதான். ஒரு வகைச் செவ்வந்திப் பூவில் பைரெத்ரம் என்கிற பூச்சிக்கொல்லி இயற்கையாகவே இருக்கிறது. அதைப் பார்த்து ஆய்வுக்கூடத்தில் செய்த செயற்கைச் சேர்மங்களுக்குப் பைரெத்ராய்டு என்று பெயர். அந்தக் குடும்பத்தில் 1973இல் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் மைக்கேல் எலியட் குழு உருவாக்கியது பெர்மெத்ரின். வெயிலில் சீக்கிரம் கெட்டுப்போகாது, மனிதருக்கு ஆபத்து குறைவு, பூச்சிக்கு எமன். அதனால்தான் எல்லா இடத்திலும் நுழைந்துவிட்டது. வீட்டில் எங்கெங்கே இருக்கும் என்று பாருங்கள்:

- நாய்களின் பிடரியில் விடும் சில சொட்டு மருந்துகள் (45 முதல் 65 சதவீதம் வரை செறிவு)
- நாய்களுக்கான சில உண்ணி சோப்பு, பவுடர், ஸ்ப்ரே
- மனிதர்களின் சொறி சிரங்குக்கு டாக்டர் எழுதிக்கொடுக்கும் க்ரீம் (5 சதவீதம்)
- பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வாங்கும் பேன் லோஷன் சில (1 சதவீதம்)

அதே குடும்பத்தின் பங்காளிகள் டெல்டாமெத்ரினும் சைபர்மெத்ரினும். மாட்டுக்கு உண்ணி போகத் தண்ணீரில் கலந்து தெளிக்கும் மருந்து, சமையலறை ஓரத்தில் கோடு போடும் எறும்பு சாக்பீஸ், கரப்பான் ஸ்ப்ரே என்று இவற்றுக்கும் வேஷம் நிறைய. பெயரில் கடைசியாக 'த்ரின்' என்று முடிந்தால் பூனை வீட்டில் ஒரு நிமிஷம் நின்று யோசிப்பது நல்லது.

இதில் அதிகம் பேசப்படாதது சொறி க்ரீம்தான். வீட்டில் ஒருவருக்குச் சிரங்கு வந்து க்ரீம் வாங்கியிருப்பார்கள், பூனைக்கும் சொறி, இரண்டும் ஒன்றுதானே என்று அதையே எடுத்துப் பூனையின் காதிலும் முகத்திலும் தடவிவிடுகிறார்கள். பூனை தன் உடம்பை நக்கியே சுத்தம் செய்கிற பிராணி. தோலில் போட்டது எதுவாக இருந்தாலும் ஒரு மணி நேரத்தில் வயிற்றுக்குள்ளும் கொஞ்சம் போயிருக்கும். தடவாமலே கூட நடக்கலாம்: கைகால் முழுக்கக் க்ரீம் பூசிக்கொண்டு படுத்தவரின் பக்கத்தில் பூனை சுருண்டு படுத்தாலோ கையை நக்கினாலோ போதும்.

## பூனையின் கல்லீரலில் இல்லாத ஒன்று

கொழுப்பில் கரையும் நஞ்சு எதையும் உடம்பு சிறுநீரில் தள்ளவேண்டுமானால் முதலில் அதைத் தண்ணீரில் கரையும்படி மாற்றவேண்டும். அதற்குக் கல்லீரல் கையாளும் முக்கியமான வழி, நஞ்சு மூலக்கூறோடு குளுக்குரோனிக் அமிலத்தை ஒட்டிவிடுவது. ஒட்டும் வேலையைச் செய்ய நொதிகள் பல உண்டு. அவற்றில் யூஜிடி1ஏ6 என்ற நொதிக்கான மரபணு பூனையில் உடைந்துபோய்க் கிடக்கிறது. மரபணு இருக்கிறது, வேலை செய்யாது.

வீட்டுப் பூனை மட்டுமில்லை, சிங்கம், சிறுத்தை எல்லாவற்றுக்கும் இதே கதிதான். காரணம் என்று ஆய்வாளர்கள் சொல்வது அவற்றின் சாப்பாட்டை. இலை தழை தின்னும் விலங்கு செடியில் உள்ள நச்சுப்பொருள்களைத் தினமும் சமாளிக்கவேண்டும், அதற்கு இந்த நொதி அவசியம். பல லட்சம் ஆண்டுகளாக வெறும் இறைச்சியே தின்ற இனத்துக்கு அது தேவைப்படவில்லை, கெட்டுப்போனாலும் யாரும் சாகவில்லை, அப்படியே தங்கிவிட்டது. நாய் மனிதரோடு சேர்ந்து சோறு தின்னப் பழகிய பிராணி, அதன் கல்லீரல் வேறு.

பெர்மெத்ரின் நாயின் உடம்பில் சீக்கிரம் உடைந்து போகிறது, பூனையின் உடம்பில் மெதுவாகத்தான் போகிறது, அதுவரை நரம்பில் உட்கார்ந்துகொள்கிறது. காய்ச்சலுக்கு நாம் போடும் பாராசிட்டமால் பூனையைக் கொல்வதும் இதே ஓட்டையால்தான். 500 மி.கி. மாத்திரை ஒன்றே ஒன்று போதும், சிவப்பணுக்கள் கெட்டு ஈறு பழுப்பாகிப் போய்விடும். பூனைக்கு மேல் சுடுகிறது என்று கால் மாத்திரை கரைத்து ஊற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அதனால்தான் தலைப்பை விட்டு விலகி இதைச் சொல்லவேண்டியிருக்கிறது.

## கணக்கு

நம் தெருப் பூனையின் எடை சராசரியாக மூன்று கிலோ என்று வைத்துக்கொள்வோம். தோலில் படும் பெர்மெத்ரின் கிலோவுக்கு 100 மி.கி. அளவிலேயே பூனையின் உயிருக்கு ஆபத்து என்று நச்சியல் நூல்கள் சொல்கின்றன. அதாவது மூன்று கிலோ பூனைக்கு 300 மி.கி.

1. நாய்ச் சொட்டு மருந்து 50 சதவீதம் என்றால் மி.லி.க்கு 500 மி.கி. அப்படியானால் 300 மி.கி. என்பது 0.6 மி.லி. ஒரு மி.லி.க்கு ஏறக்குறைய இருபது சொட்டு என்று பார்த்தால் பன்னிரண்டு சொட்டு. பெரிய நாய்க்கு வாங்கிய பிப்பெட்டின் (சொட்டு மருந்து அடைத்து வரும் சின்னப் பிளாஸ்டிக் குழல்) அடியில் மீந்து நிற்பதே இதைவிட அதிகமாக இருக்கலாம்.
2. சொறி க்ரீம் 5 சதவீதம் என்றால் ஒரு கிராமில் 50 மி.கி. முப்பது கிராம் டியூபில் 1,500 மி.கி. டியூபில் ஐந்தில் ஒரு பங்கு பூசினாலே 300 மி.கி. வந்துவிட்டது.

இதற்குக் குறைவான அளவு என்றால் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சில பூனைகள் கொஞ்சத்துக்கே விழுந்துவிடும், குட்டியாக இருந்தால் சொல்லவே வேண்டாம்.

## உடம்புக்குள் நடப்பது என்ன?

நரம்பு ஒரு செய்தியைக் கடத்தும்போது அதன் சுவரில் உள்ள சோடியம் வாயில்கள் ஒரு கணம் திறந்து உடனே மூடிக்கொள்ளும். பெர்மெத்ரின் போய் அந்த வாயிலில் ஒட்டிக்கொண்டால் மூடவேண்டியது மூடாது. ஒரு செய்தி போகவேண்டிய இடத்தில் பத்து செய்தி போகும். தசைக்கு 'சுருங்கு, சுருங்கு' என்று ஓயாமல் உத்தரவு வந்துகொண்டே இருக்கும்.

வெளியே தெரிவது இப்படி: முதலில் காது துடிக்கும், முகத்துச் சதை வெட்டி இழுக்கும், பூனை பாதத்தைப் பாதத்தை உதறும், ஈரத்தில் கால் வைத்த மாதிரி. சின்னச் சத்தத்துக்கும் தூக்கிப்போடும். எச்சில் வடியும், நடை தள்ளாடும், பிறகு உடம்பு முழுக்க உதறல், முற்றினால் வலிப்பு. பெரும்பாலும் சில மணி நேரத்தில் ஆரம்பித்துவிடும், ஒரு நாள் கழித்து ஆரம்பிப்பதும் உண்டு. அதனால்தான் 'நேற்றுப் போட்ட மருந்துக்கு இன்றைக்கு எப்படி ஆகும்' என்று வீட்டில் சம்பந்தப்படுத்திப் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள், எலி மருந்து தின்ற எலியைத் தின்றிருக்கும் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

உதறல் பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் உயிரை எடுப்பது பல சமயம் அதனால் ஏறும் சூடுதான். சதை இடைவிடாமல் வேலை செய்தால் உடம்பு கொதிக்கும். பூனையின் இயல்பான வெப்பநிலை 38இலிருந்து 39 டிகிரி செல்சியஸ் சுமார், உதறலில் 41ஐத் தாண்டினால் மூளையும் சிறுநீரகமும் அடிவாங்கும். சென்னை வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீட்டில் இருக்கும் பூனைக்கு இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

## ஐவர்மெக்டின்: இங்கே தப்பு கல்லீரலில் இல்லை, சிரிஞ்சில்

2021 கொரோனா அலையில் எல்லோர் வீட்டிலும் புழங்கிய பெயர். மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து வந்த மருந்து. ஜப்பானின் சதோஷி ஓமுராவும் வில்லியம் கேம்ப்பெல்லும் இதற்காக 2015இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். யானைக்கால், ஆற்றுக் குருட்டு நோய் ஒழிப்பில் இதன் பங்கு பெரியது. இது கெட்ட மருந்து என்று யாரும் சொல்லமுடியாது. பூனைச் சொறிக்குக் கால்நடை மருத்துவர்களே இதைப் பயன்படுத்துகிறார்கள்.

புழுவிலும் சிற்றுண்ணியிலும் குளோரைடு வாயில்கள் சில உண்டு, ஐவர்மெக்டின் அவற்றைத் திறந்துவைத்து நரம்பை ஓயவைக்கிறது. பெர்மெத்ரின் நரம்பைத் துடிக்கவிடும், இது தூங்கவிடும். பாலூட்டிகளில் இதற்கு இணையான இலக்குகள் மூளைக்குள்தான் இருக்கின்றன, அங்கே மருந்து போகாமல் பி-கிளைக்கோபுரதம் என்ற புரதம் ரத்தக்குழாய்ச் சுவரில் வாட்ச்மேன் போல நின்று, உள்ளே வந்ததைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கும். கோலி போன்ற சில நாய் இனங்களில் எம்டிஆர்1 மரபணுக் கோளாறால் இந்தப் புரதம் வேலை செய்யாது என்பது நெடுநாளாகத் தெரிந்தது. சில பூனைகளிலும் அதே மரபணுவில் பிழை இருப்பது பிறகு கண்டுபிடிக்கப்பட்டது. பார்த்தால் தெரியாது. குட்டிகளில் இந்தத் தடுப்பே இன்னும் முழுதாக வளர்ந்திருக்காது.

ஆனாலும் நடைமுறையில் நடக்கிற விபத்து பெரும்பாலும் மரபணுவால் வருவதில்லை. மெடிக்கல் ஷாப்பிலோ கால்நடை மருந்துக் கடையிலோ கிடைக்கிற 1 சதவீத ஊசி மருந்து மாட்டுக்காகச் செய்தது, லேபிளிலேயே 50 கிலோ எடைக்கு 1 மி.லி. என்று இருக்கும். மி.லி.க்கு 10 மி.கி. மூன்று கிலோ பூனைக்கு அதே விகிதத்தில் பார்த்தால் 0.06 மி.லி. வரும். இப்போது ஒரு சாதாரண 2 மி.லி. சிரிஞ்சைக் கையில் எடுத்துப் பாருங்கள்: அதில் உள்ள மிகச் சின்னக் கோடே 0.1 மி.லி. அதாவது அளக்கவேண்டிய அளவு முதல் கோட்டுக்கும் கீழே இருக்கிறது. ஊசியின் அடிப்பாகத்தில் தங்கும் மருந்தே அந்த அளவுக்கு வரும். அரை கிலோ குட்டி என்றால் 0.01 மி.லி., அதை இந்தச் சிரிஞ்சில் எந்தக் கொம்பனாலும் அளக்கமுடியாது. 'சும்மா கொஞ்சமா ஏத்துங்க' என்று தெரிந்த கம்பவுண்டரிடம் சொல்லி அரை மி.லி. போட்டால் தேவையைப் போல எட்டு மடங்கு. மனிதருக்கான 12 மி.கி. மாத்திரை மிச்சமிருக்கிறதே என்று பொடித்துக் கொடுத்தால் இருபது மடங்கு.

அளவு மீறினால் பூனை சோர்ந்து விழும், கண் பாப்பா விரிந்து அப்படியே நிற்கும், கண்ணுக்கு முன்னால் கையை ஆட்டினாலும் தெரியாது, குடித்தவன் மாதிரி தள்ளாடும், முற்றினால் நினைவு தப்பும். ஐவர்மெக்டினுக்கு மாற்று மருந்து, அதாவது நஞ்சை முறிக்கும் மருந்து, கிடையாது. கொழுப்பில் போய்த் தங்கிக்கொள்வதால் தெளிய நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் ஆகும். அதுவரை டிரிப்ஸ், குழாய் வழியே உணவு, திருப்பித் திருப்பிப் படுக்கவைப்பது என்று பார்த்துக்கொண்டால் பல பூனைகள் மீண்டுவிடும், கண்ணும் திரும்ப வரும். மூன்றாம் நாளே நம்பிக்கை இழந்து விட்டுவிடுவதுதான் சோகம்.

## மற்றவை, சுருக்கமாக

அமிட்ராஸ்: நாயையும் மாட்டையும் குளிப்பாட்டும் உண்ணி மருந்து. பூனைக்கு மயக்கம், இதயத்துடிப்பு குறைவு, உடம்பு சில்லிடுதல். இதற்கு மாற்று மருந்து உண்டு, யோஹிம்பின், அடிபமேசோல்.

ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் வகைகள்: மாலத்தியான், குளோர்பைரிபாஸ், சில உண்ணிப் பவுடர்களில் வரும் புரொபாக்சர். எச்சில், கண்ணீர், பேதி எல்லாம் ஒரே நேரத்தில், கண் பாப்பா குண்டூசி முனையாகச் சுருங்கும், மூச்சு திணறும்.

நாட்டு வைத்தியம்: சொறிக்கு மண்ணெண்ணெய், வண்டியில் வடித்த பழைய ஆயில், பினாயில் தண்ணீர், பூனை படுக்கும் இடத்தில் அந்துருண்டை. பினாயிலில் உள்ள ஃபீனால் வகைப் பொருள்களை வெளியேற்றுவதற்கும் மேலே சொன்ன அதே நொதிதான் வேண்டும். எண்ணெய் வகைகளை நக்கும்போது நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா வரும். வேப்பெண்ணெய் இயற்கை என்பதால் நக்கினால் ஒன்றும் ஆகாது என்று அர்த்தமில்லை.

கொசுவர்த்தி, லிக்விட் மிஷின்: அதிலும் பைரெத்ராய்டுதான், ஆனால் காற்றில் கலக்கும் அளவு மிகக் குறைவு, ஜன்னல் திறந்த அறையில் பொதுவாகப் பூனைக்குத் தொந்தரவில்லை. ரீஃபில் பாட்டில் கவிழ்ந்து உடம்பில் ஊறினால் அது வேறு விஷயம்.

## 'பூச்சி மருந்துதானே, அட்ரோபின் போடுங்க'

நஞ்சு என்றதும் நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பெயர் அட்ரோபின். வயலுக்கு அடிக்கும் ஆர்கனோபாஸ்பேட்டைக் குடித்தவர்களுக்கு அது உயிர் காக்கும் மருந்து என்பதால் வந்த பழக்கம். பெர்மெத்ரின் வேலை செய்வது வேறு இடத்தில். அட்ரோபின் எச்சிலைக் குறைக்கும், உதறலை நிறுத்தாது, கணக்கில்லாமல் போட்டால் இதயத்துடிப்பையும் சூட்டையும் இன்னும் ஏற்றும். எச்சில் வடிவது இரண்டிலும் பொதுவாக இருப்பதால் மருத்துவரே குழம்ப வாய்ப்புண்டு, அதுவும் வீட்டுக்காரர்கள் 'என்னமோ வெள்ளையா ஒரு மருந்து' என்று சொன்னால்.

அதனால் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போகவேண்டிய முதல் பொருள் பூனை, இரண்டாவது அந்த டப்பா. காலி பிப்பெட்டோ கிழிந்த பட்டையோ குப்பைக்கூடையில் இருந்தாலும் தேடி எடுத்துப் போங்கள், அதில் பொடி எழுத்தில் இருக்கும் மூலப்பொருளின் பெயர்தான் சிகிச்சையையே தீர்மானிக்கிறது. திட்டுவார்களோ என்று மறைப்பவர்களும் உண்டு. எதைப் போட்டோம், எவ்வளவு, எத்தனை மணிக்கு, இந்த மூன்றையும் அப்படியே சொல்லிவிட்டால் மருத்துவரின் பாதி வேலை முடிந்தது.

## வீட்டில் செய்யவேண்டியது

1. மருந்து தோலில் போட்டதாக இருந்து, பூனை இன்னும் வலிப்பு இல்லாமல் நினைவோடு இருந்தால், பாத்திரம் கழுவும் லிக்விட் கொஞ்சம் போட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவுங்கள். மருந்து எண்ணெய்ப் பசையில் கலந்தது, வெறும் தண்ணீரில் போகாது. கையுறை இல்லையென்றால் பிளாஸ்டிக் கவர் மாட்டிக்கொள்ளுங்கள்.
2. சுடுதண்ணீர் வேண்டாம், தோலின் ரத்த ஓட்டம் கூடி மருந்து இன்னும் உள்ளே இறங்கும். ஐஸ் தண்ணீரும் வேண்டாம். பைரெத்ராய்டுக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு, உடம்பு குளிரக் குளிர அதன் வீரியம் ஏறும். கழுவியதும் துவட்டித் துண்டில் சுற்றிவிடுங்கள்.
3. பெரிய உதறலோ வலிப்போ ஆரம்பித்துவிட்டால் குளிப்பாட்டிக்கொண்டு நிற்காதீர்கள், கிளம்புங்கள்.
4. வாயில் எதையும் ஊற்றாதீர்கள். பால், உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர், முட்டை, விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம். உதறுகிற பூனைக்கு விழுங்கும் சக்தி சரியாக இருக்காது, மூச்சுக்குழாயில் போய்விடும். உப்பு தனியாகவே பூனைக்கு நஞ்சு.
5. அட்டைப் பெட்டியில் துண்டு விரித்து, காற்றுக்கு ஓட்டை போட்டு, இருட்டாக எடுத்துப்போங்கள். சத்தமும் வெளிச்சமும் உதறலைக் கூட்டும். ஆட்டோவில் பாட்டை நிறுத்தச் சொல்லுங்கள்.

திருவொற்றியூர், எண்ணூர் பக்கமிருந்து மாலை நேர லாரி நெரிசலில் வேப்பேரி வந்து சேர வெகுநேரம் ஆகிவிடும். 1903இல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை அங்கே இருப்பதால் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அதுதான். ஆனால் வழியில் பக்கத்திலேயே ஒரு கிளினிக் திறந்திருந்தால் அங்கே நிறுத்தி, உதறலை அடக்கும் முதல் ஊசியைப் போட்டுக்கொண்டு போவது புத்திசாலித்தனம். கிளம்பும்போதே போன் செய்து மருத்துவர் இருக்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

## ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள்?

பெர்மெத்ரினுக்கும் நேரடி மாற்று மருந்து இல்லை. உதறலுக்குத் தசையைத் தளர்த்தும் மெத்தோகார்பமால், வலிப்புக்கு டயசிபாம் போன்றவை, அடங்காவிட்டால் மயக்க மருந்து. சூட்டைக் கவனித்து டிரிப்ஸ் ஏற்றுவார்கள். சில இடங்களில் 20 சதவீதக் கொழுப்புக் குழம்பை ரத்தக்குழாய் வழியே ஏற்றுவதுண்டு. சாப்பிட முடியாத மனித நோயாளிகளுக்கு ஊட்டமாக ஏற்றுகிற அதே வெள்ளைத் திரவம்தான். கொழுப்பில் கரையும் மருந்தை இது ரத்தத்திலேயே தன்பக்கம் இழுத்துவைத்துக்கொள்ளும் என்பது கணக்கு. ஐவர்மெக்டினுக்கும் இதை முயல்கிறார்கள். சீக்கிரம் வந்துவிட்ட பெர்மெத்ரின் பூனைகள் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் எழுந்து சாப்பிட ஆரம்பித்துவிடும், பின்விளைவும் பொதுவாகத் தங்காது.

## அப்படியானால் பூனைக்கு எதைத்தான் போடுவது?

பூனைக்கென்றே செய்த மருந்துகள் இருக்கின்றன. செலமெக்டின், பூனைக்கான செறிவில் வரும் ஃபிப்ரோனில், இமிடாக்ளோப்ரிட், ஃப்ளூராலனர். எடையும் வயதும் சொல்லி மருத்துவரிடம் எழுதி வாங்கவேண்டும். இங்கேயும் ஒரு கண்ணி உண்டு: ஃபிப்ரோனில் பூனைக்கு ஆகும் என்று கேள்விப்பட்டு வாங்குகிற டப்பாவில் ஃபிப்ரோனிலோடு பெர்மெத்ரினும் கலந்திருக்கலாம், அது நாய்க்கானது. அட்டையின் முன்பக்கப் படத்தைப் பார்க்காதீர்கள், பின்பக்கம் திருப்பி எல்லாப் பெயரையும் படியுங்கள். கடைக்காரர் 'ரெண்டுக்கும் போடலாம் சார்' என்று சொல்வதை நான் ஒரு ஆதாரமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். பெரிய நாய் மருந்தை வாங்கிப் பிரித்துப் போட்டால் காசு மிச்சம் என்று சிலர் சொல்வார்கள், மேலே உள்ள கணக்கை அவர்களிடம் காட்டலாம்.

நாயும் பூனையும் சேர்ந்து வளரும் வீட்டில், நாய்க்கு பெர்மெத்ரின் உள்ள மருந்து போட்டால் மூன்று நாளாவது இரண்டையும் பிரித்துவைக்கவேண்டும். ஒரே அறையும் ஒரே பாயும் உள்ள வீட்டில் அது நடக்கிற காரியமில்லை. அப்படிப்பட்ட வீட்டுக்கு, நாய்க்கும் பெர்மெத்ரின் இல்லாத மருந்தையே கேட்டு வாங்குவதுதான் ஒரே வழி. கொளத்தூர் பக்கம் மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும், பைரெத்ராய்டு மீனுக்குப் பூனையைவிடப் பெரிய எமன், நாயைக் கழுவிய தண்ணீர் தொட்டியில் தெறித்தால் மொத்த மீனும் மிதக்கும்.

கண் திறந்து சில வாரமே ஆன குட்டிகளுக்கு மருந்தே வேண்டாம். பேன் சீப்பு போதும். கழுத்திலிருந்து ஆரம்பித்து வால் வரை வாரி, வருகிற பூச்சியை சோப்புத் தண்ணீர் கிண்ணத்தில் முக்கினால் செத்துவிடும். தெள்ளுப்பூச்சியின் முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவும் பூனை மேல் தங்குவதில்லை, அது படுக்கும் சாக்கிலும் பாயின் இடுக்கிலும் கட்டிலுக்கு அடியிலும்தான் கிடக்கின்றன. வாரம் ஒருமுறை அந்தத் துணியைச் சுடுதண்ணீரில் அலசி வெயிலில் போட்டு, இண்டு இடுக்கு கூட்டிக் குப்பையைக் கட்டி வெளியே போட்டால், மாதத்துக்கு மூன்று முறை மருந்து தேடி அலையவேண்டிய தேவையே பாதி குறையும்.